‘நிறையக் கற்றுக்கொண்டோம்’ என்ற வரிக்குப் பிறகு என்ன எழுதுவது?

கேள்வி: நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். இந்தப் பருவத்தில் ரோபோட்டிக்ஸ் ஆய்வகமும் அமைப்புப் பகுப்பாய்வுப் பாடமும் சேர்ந்து வருகின்றன. எங்கள் நால்வர் குழு முதல் பாடத்துக்குக் கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் ரோபோவையும், இரண்டாவதற்கு விடுதி மெஸ் டோக்கன் முறையைக் கணினிமயமாக்கும் திட்டத்தையும் செய்கிறது. வாரந்தோறும் ஒரு ‘ரிஃப்ளெக்ஷன்’ (மீள்சிந்தனைக் குறிப்பு) எழுதிக் கல்லூரியின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். நான் எழுதுவதெல்லாம் ‘இந்த வாரம் நிறையக் கற்றுக்கொண்டோம்’ என்ற வரியில் வந்து நின்றுவிடுகிறது. ‘இது வேலை அறிக்கை, சிந்தனை எங்கே?’ என்று ஆசிரியர் மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார். அதன்பின் நான்கு வாரமாக எழுதவே இல்லை. தோல்விகளை எழுதினால் மதிப்பெண் குறையாதா? குழுவில் ஒருவர் வேலையே செய்வதில்லை, அதை எழுதலாமா? விட்டுப்போன வாரங்களுக்கு என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு எழுதத் தெரியவில்லை என்று நான் நினைக்கவில்லை. வேறு வகையான எழுத்துக்கு நன்றாகப் பழகிவிட்டீர்கள். அந்தப் பழக்கம்தான் குறுக்கே நிற்கிறது. நம் ஆய்வகங்களில் இரண்டு நோட்டுகள் உண்டு. பரிசோதனை மேசையில் வைத்து எழுதும் அப்சர்வேஷன் நோட்டில் அடித்தல் திருத்தல், தவறிய அளவீடு, ஓரத்தில் போட்டுப் பார்த்த கணக்கு எல்லாம் கிடக்கும். பிறகு அழகான கையெழுத்தில் படியெடுக்கும் ரெக்கார்டு நோட்டில் நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, இறுதியில் ‘இவ்வாறு நிரல் இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது’ என்ற முடிவு, இவை மட்டுமே இருக்கும். நான்கு முறை முரண்டு பிடித்த பிறகுதான் அந்த நிரல் இயங்கியது என்பதற்கு அங்கே இடமில்லை. உங்கள் ஆசிரியர் கேட்பது, ரெக்கார்டுக்குப் போகும் வழியில் நீங்கள் துடைத்தெறிந்துவிட்ட அந்தப் பகுதியைத்தான்.

மீள்சிந்தனைக் குறிப்பு மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும்: என்ன நடக்கும் என்று நினைத்திருந்தீர்கள், என்ன நடந்தது, இரண்டுக்கும் இடையில் இருந்த வேறுபாடு உங்கள் புரிதலில் எதை மாற்றியது. பெரும்பாலான மாணவர்கள் இரண்டாவதை மட்டும் எழுதுகிறார்கள். அதனால்தான் அது வேலை அறிக்கையாகிவிடுகிறது. முதலாவதை எழுத முடியாமல் போவதற்கும் ஒரு காரணம் உண்டு. முன்பே எழுதிவைக்காத எதிர்பார்ப்பு, முடிவு தெரிந்த அடுத்த நிமிடமே தன்னைத் திருத்திக்கொள்கிறது. ‘இப்படித்தான் ஆகும் என்று எனக்கு முதலிலேயே தோன்றியது’ என்று நாமே நம்பிவிடுகிறோம். ஆகவே ரோபோவைத் தடத்தில் வைப்பதற்கு முன், ‘இன்று எதை மாற்றுகிறோம், அதனால் என்ன ஆகும்’ என்று 2 வரி எழுதிவையுங்கள். நான் சொல்லக்கூடியதில் மிகவும் பயனுள்ள ஆலோசனை இதுதான். மற்றவையெல்லாம் இதன் விளைவுகள்.

உங்கள் ரோபோவையே எடுத்துக்கொள்வோம். ‘இந்த வாரம் ரோபோ வளைவில் தடம் மாறியது. பிறகு சென்சாரைச் சரிசெய்தோம். இதன் மூலம் சென்சாரின் முக்கியத்துவத்தைக் கற்றுக்கொண்டோம்’ என்று ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். இதில் பொய் எதுவும் இல்லை; ஆனால் ரோபோவைக் கண்ணால் பார்க்காதவரும் இதை எழுதிவிடலாம். அதே நிகழ்வை இப்படி எழுதிப் பாருங்கள்:

‘மதியம் 2 மணிக்கு ரோபோ சன்னலோர வளைவில் மட்டும் தடத்தை விட்டு விலகியது. வளைவு கூர்மையானது என்பதால் விகித மாறிலி (தடத்திலிருந்து விலகும்போது ரோபோ எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) போதவில்லை என்று முடிவுசெய்து அதை இருமுறை கூட்டினோம். நேர்க்கோட்டிலும் ரோபோ பாம்புபோல் நெளியத் தொடங்கியதே தவிர வளைவு சரியாகவில்லை. பிறகுதான் சென்சார் தரும் எண்களைத் திரையில் பார்த்தோம். கறுப்பு நாடாவின் மேல் காலையில் 800ஐத் தாண்டிய அளவு, சன்னலோரத்தில் 300ஐ ஒட்டி இருந்தது. சன்னல் திரையை இழுத்துவிட்டதும் அளவு பழைய நிலைக்கு வந்தது. வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தோம். ஆனால் கோளாறு என்றதும் எங்கள் கை நிரலுக்குத்தான் போனது. இனி மாறிலியைத் தொடுவதற்கு முன் சென்சார் அளவைப் பார்ப்பது என்று முடிவுசெய்திருக்கிறோம்.’

இந்தக் குறிப்பின் மதிப்பு அந்தக் கடைசி மூன்று வாக்கியங்களில் இருக்கிறது. தரையில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்புக் கதிரை அளந்துதான் இந்த சென்சார் கறுப்பையும் வெள்ளையையும் பிரிக்கிறது; வெயிலிலும் அந்தக் கதிர் இருப்பதால் அது கறுப்பையும் வெள்ளை என்று வாசித்துவிடும் என்பது அறிவியல். அதை ஆசிரியர் உங்களிடமிருந்து தெரிந்துகொள்ளப் போவதில்லை. தெரிந்திருந்தும் நீங்கள் முதலில் நிரலைத்தான் சந்தேகித்தீர்கள் என்பதே அவருக்குப் புதிய செய்தி, உங்களுக்கும் அதுவே புதிய செய்தி. சென்சாரின் அளவை 0 முதல் 1023 வரையிலான எண்ணாகத் தரும் ஆர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டுப் பலகையில், நடுவில் இருக்கிறதே என்று 512ஐக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான எல்லையாக வைத்துவிட்டு அதை மறந்துபோன குழுக்கள் ஏராளம். அந்த எண்ணை யார், எப்போது, எந்த வெளிச்சத்தில் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டாலே ஒரு வாரக் குறிப்புக்கான பொருள் கிடைத்துவிடும்.

பேட்டரியும் அப்படிப்பட்டதுதான். இரண்டு லித்தியம் அயான் செல்களைத் தொடராக இணைத்தால் முழு சார்ஜில் 8.4 வோல்ட் கிடைக்கும். ஓட ஓட அது 7 வோல்ட்டை நோக்கி இறங்கும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருந்து மோட்டாரை இயக்கும், மாணவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் எல்298என் மோட்டார் டிரைவர், அதில் ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். மின்னோட்டம் கூடினால் இழப்பும் கூடும். காலையில் 6.4 வோல்ட் பெற்ற மோட்டார் மாலையில் 5 வோல்ட்டில் ஓடும்போது, காலையில் பாடுபட்டுப் பொருத்திய மாறிலிகள் அந்த மோட்டாருக்குப் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை. ‘நேற்று நன்றாக ஓடியது, இன்று ஏனோ ஓடவில்லை’ என்று எழுதுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்து ஓர் அளவு பார்த்துவிடுங்கள். ‘ஏனோ’ என்ற சொல் உங்கள் குறிப்பில் எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் எடுக்காமல் விட்ட ஓர் அளவீடு இருக்கிறது.

அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்டு ஷோன் 1983இல் இரண்டு வகைச் சிந்தனைகளைப் பிரித்துக் காட்டினார்: வேலையின் நடுவிலேயே, கை ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுவது ஒன்று, வேலை முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது மற்றொன்று. முதல் வகை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ‘ஏய், சன்னல் திரையை மூடிப் பாரு’ என்று உங்கள் குழுவில் யாரோ சொல்லியிருப்பார்; அந்த நொடியில் அவருக்கு அது ஏன் தோன்றியது என்பதைப் பிடித்து எழுதுவதே இரண்டாம் வகை. அன்றிரவே எழுதினால்தான் அது கைக்குள் நிற்கும்.

அமைப்புப் பகுப்பாய்வுப் பாடத்தில் சிக்கல் வேறு விதமானது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ரோபோ நீங்கள் தவறு செய்ததை அந்த நொடியே சொல்லிவிடும். தகவல் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று காட்டும் தரவுப் பாய்வு வரைபடமோ எதுவும் சொல்லாது. காகிதத்தில் வரைந்த அம்புக்குறி சுவரில் போய் மோதுவதில்லை. அறையில் உட்கார்ந்து மாணவர், மெஸ் கண்காணிப்பாளர், விடுதிக் காப்பாளர் என்று மூன்று பெட்டிகளை வரைந்து அம்புகளால் இணைத்துவிட்டால், அது தவறாக இருந்தாலும் பருவ இறுதிவரை அழகாகவே நிற்கும். முரண்பாடு தானாக வராத இடத்தில் அதை நீங்களே தேடிப்போக வேண்டும்.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் வரைபடம் உண்மையாக இருக்க வேண்டுமானால் எவையெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, ‘ஒவ்வொரு டோக்கனையும் அதற்குரியவரே கொடுத்துச் சாப்பாடு வாங்குகிறார்’ என்பது ஒன்று. பிறகு ஒரு நாள் மதியம் 12.30 முதல் 1.30 வரை பரிமாறும் இடத்துக்குப் பக்கத்தில் எதுவும் பேசாமல் நின்று பாருங்கள். காய்ச்சலில் படுத்திருப்பவரின் டோக்கனைக் கொண்டுவந்து அறைத்தோழர் சாப்பாடு வாங்கிப்போகாத விடுதியை நான் பார்த்ததில்லை. கைரேகை வைத்தால்தான் தட்டு என்று நீங்கள் வடிவமைத்திருந்தால், உங்கள் அமைப்பு முதல் வாரமே ஒரு நோயாளியைப் பட்டினி போட்டிருக்கும். அரிசி களைந்து போடுபவர் எந்த எண்ணிக்கையை நம்பிப் போடுகிறார், அது அவருக்கு எத்தனை மணிக்குத் தெரியவேண்டும் என்றும் கேளுங்கள். அவர் உங்கள் வரைபடத்தில் ஒரு பெட்டியாகக்கூட இல்லாமல் இருக்கலாம். மூன்று வாக்கியங்களில் எது பொய்த்தது, அதை நீங்கள் எங்கிருந்து நம்பத் தொடங்கினீர்கள் என்று எழுதினால், அந்த வாரக் குறிப்பு திரும்பி வராது என்றே நினைக்கிறேன்.

இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று தொடும் இடமும் இதுதான். சன்னல் வெளிச்சம் ரோபோவின் பகுதியல்ல என்று நீங்கள் நினைத்தீர்கள்; சமையல்காரர் டோக்கன் அமைப்பின் பகுதியல்ல என்றும் நினைத்தீர்கள். அமைப்பின் எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்ற கேள்வியில்தான் இரண்டு முறையும் சறுக்கியிருக்கிறீர்கள்.

தோல்வியை எழுதினால் மதிப்பெண் குறையுமா என்ற கேள்விக்கு ஓர் உண்மை நிகழ்வைச் சொல்வது பொருந்தும். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் புறப்பட்டு, ஒரு நிமிடம்கூட ஆகாமல் வெடித்துச் சிதறியது. ஏரியன் 4இல் நன்றாக ஓடிய வழிகாட்டுக் கருவியின் மென்பொருளை அப்படியே இதிலும் பயன்படுத்தியிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் பழையதைவிட விரைவாக உயர்ந்ததால், 64 பிட் எண் ஒன்றை 32,767க்கு மேல் கொள்ளாத 16 பிட் இடத்தில் வைக்க முயன்று கருவி செயலிழந்தது. அந்தக் கணக்கீடு, ஏரியன் 5 தரையை விட்டு எழுந்தபின் தேவையே இல்லாதது என்பது இதில் கொடுமை. அடுத்த மாதமே விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. அது எந்த நிரலாளரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. தவறு என்று நிரூபிக்கப்படும்வரை மென்பொருளைச் சரியானதாகக் கருதும் மனப்பான்மையைத்தான் அது சுட்டிக்காட்டியது. சீனியர்கள் கொடுத்துவிட்டுப் போன நிரலை அப்படியே ஏற்றியிருக்கிறீர்களா? அவர்களுடைய சக்கர விட்டமும் உங்களுடையதும் ஒன்றுதானா? அப்படி ஒரு குறிப்பு எழுதியதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் ஆசிரியர், உங்கள் பழைய குறிப்புகளை மூன்று முறை திருப்பி அனுப்பும் சிரமத்தை எடுத்திருக்க மாட்டார்.

வேலை செய்யாத நண்பரைப் பற்றிய பதிலும் அந்த அறிக்கையின் தொனியில் இருக்கிறது. ‘அவர் பேட்டரியை சார்ஜ் செய்யவில்லை’ என்பது புகார். அதை வழிகாட்டும் ஆசிரியரிடம் நேரில் சொல்லுங்கள், பலரும் படிக்கும் இடத்தில் எழுதாதீர்கள். ‘பேட்டரியை சார்ஜ் செய்வது யாருடைய வேலை என்று நாங்கள் முடிவுசெய்யவே இல்லை’ என்பது பகுப்பாய்வு. அதைத் தாராளமாக எழுதலாம், அதில் உங்கள் பங்கும் இருக்கிறது.

உங்களுக்கு ஆறு தலைப்புகள் கொண்ட ஒரு படிவம் கொடுத்திருந்தால், அது பெரும்பாலும் கிரஹாம் கிப்ஸ் 1988இல் வகுத்த சுழற்சியாக இருக்கும்: விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, அடுத்த திட்டம். ஆறுக்கும் சமமாக இடம் ஒதுக்கத் தேவையில்லை. விவரிப்பை 3 வரியில் முடித்துப் பகுப்பாய்வில் நில்லுங்கள். ‘உணர்வு’ என்ற தலைப்பைப் பொறியியல் மாணவர்கள் கூச்சத்தோடு தாண்டிவிடுவார்கள், ஆனால் அதற்கும் வேலை உண்டு. இரவு 11 மணி எரிச்சலில் நிரலில் மூன்று மாறிலிகளை ஒரே நேரத்தில் மாற்றி, எது பலனளித்தது என்றே தெரியாமல் போனதற்குக் காரணம் அந்த எரிச்சல்தானே.

கல்லூரி ஆங்கிலத்தில் கேட்டாலும் முதல் வரைவைத் தமிழில், நீங்கள் பேசிக்கொள்ளும் கலப்புத் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் தொடங்கினால், சரியான வாக்கியம் கிடைக்கிறதா என்ற கவலையில் ஏற்கெனவே மனப்பாடமான வாக்கியங்கள்தான் வந்து விழும். பிறகு மொழிபெயர்க்க, இலக்கணம் பார்க்கச் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தக் கல்லூரி அனுமதித்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். முழுக் குறிப்பையும் அதனிடம் எழுதச் சொன்னால், சன்னலோர வளைவு அதற்குத் தெரியாது. வாய்மொழித் தேர்வான வைவாவில் அந்த வளைவைப் பற்றிக் கேட்டால் உங்களுக்கும் தெரியாது.

விட்டுப்போன நான்கு வாரங்களை நினைவிலிருந்து எழுத முயலாதீர்கள். குழுவின் வாட்ஸ்அப் உரையாடலைத் திறந்து அந்த வாரங்களுக்குப் போங்கள். ‘டேய், மறுபடி நின்னுடுச்சு’ என்ற செய்தி எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு யார் என்ன யோசனை சொன்னார் என்பது அங்கே அப்படியே இருக்கும். கைப்பேசியில் எடுத்த படங்கள், காணொளிகள், நிரல் கோப்புகள் கடைசியாகச் சேமிக்கப்பட்ட தேதிகள், அப்சர்வேஷன் நோட்டின் ஓரக் கணக்குகள் ஆகியவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சான்று கிடைக்கும் வாரங்களுக்கு மட்டும் எழுதி, ஒவ்வொன்றின் தலையிலும் ‘பின்னர் எழுதியது’ என்று தேதியோடு குறிப்பிடுங்கள். சான்றே கிடைக்காத வாரம் ஒன்று இருந்தால் அதை ஆசிரியரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, வரும் ஆய்வக வகுப்பில் ரோபோவைத் தடத்தில் வைப்பதற்கு முன் அந்த 2 வரியை எழுதத் தொடங்குங்கள்.