தந்தமில்லாத யானைகள் எப்படிப் பெருகின?

மனிதர்களின் செயல்களால் காட்டு விலங்குகளின் பரிணாமமே மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறும், அதுவும் சில தலைமுறைகளிலேயே.

ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கின் கொரொங்கோசா தேசியப் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவில் பெண் யானைகளுக்கும் பொதுவாகத் தந்தம் உண்டு. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது தந்தத்துக்காக யானைகளைக் கொன்று குவித்தார்கள். பிறவியிலேயே தந்தமில்லாத பெண் யானைகளை வேட்டைக்காரர்கள் பெரிதாகச் சீண்டவில்லை. அவை பிழைத்துக் குட்டி போட்டன. போருக்கு முன் பெண் யானைகளில் 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த தந்தமில்லாதவை, பின்னர் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. துப்பாக்கிக்குப் பயந்து தந்தம் சுருங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள் (பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்). ஏற்கெனவே இருந்த மரபணு வேறுபாட்டை வேட்டை வடிகட்டியது, அவ்வளவுதான். தந்தமில்லாமல் செய்யும் அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் (பெண்ணுக்கு இரண்டும் ஆணுக்கு ஒன்றும் இருக்கும் பால் குரோமோசோம்) இருப்பதாகவும், ஆண் கருவுக்கு அதுவே எமனாகிவிடுவதாகவும் 2021இல் வந்த ஆய்வு சொல்கிறது.

அப்புறம், கடலிலும் இதே கதைதான். பெரிய மீன்களையே வலை அள்ளுவதால், பெரிதாகும் முன்பே முட்டையிட்டவைதான் சந்ததியை விட்டுச்சென்றன; அதனால் அட்லாண்டிக் காட் (cod) மீன்கள் சின்ன வயதிலேயே முட்டையிடத் தொடங்கிவிட்டன.