தரகர் எடுத்துத் தரும் வூல் சான்றிதழுக்குக் காசு கட்டலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: நாங்கள் எட்டுப் பெண்கள் சேர்ந்து வூலில் குழந்தைத் தொப்பி, காலுறை பின்னுகிறோம். லண்டனில் இருக்கும் மச்சாள் அங்கே ஒரு சின்னக் கடையில் காட்டியபோது, ஆட்டைத் துன்புறுத்தாமல் எடுத்த வூலா, மியூல்சிங் இல்லாததா, அதற்குச் சான்று இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். கொழும்புத் தரகர் ஒருவர், ஒன்றரை இலட்சம் தந்தால் எங்கள் சங்கத்தின் பெயருக்கே சான்றிதழ் எடுத்துத் தருவதாகவும் வூலும் தானே தருவதாகவும் சொல்கிறார். நைலோன் கலந்த நூலெல்லாம் கள்ளச் சரக்கு என்கிறார். காசைக் கட்டலாமா?

கட்ட வேண்டாம். முற்பணம் ஏதும் கொடுத்திருந்தால் மீதியையாவது நிறுத்துங்கள்.

கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான். மெல்லிய வூல் தரும் மெரினோ இன ஆட்டுக்குத் தோல் சுருக்கம் அதிகம். வாலடிச் சுருக்கங்களில் அழுக்கும் ஈரமும் சேரும். அங்கே ஈ முட்டையிட்டால் புழு வந்து ஆட்டை உயிரோடு அரித்துவிடும். அதைத் தடுப்பதற்காகக் குட்டியிலேயே வாலடித் தோலைக் கீற்றாக வெட்டி எடுப்பதுதான் மியூல்சிங். நியூசிலாந்து இதை 2018இல் தடை செய்தது. அவுஸ்திரேலியாவில் இன்னும் சட்டப்படி செய்யலாம். கைவிட்ட பண்ணைகளும் உண்டு. உடுப்புக்கான மெல்லிய வூல் அதிகம் வருவது அங்கிருந்துதான், அதனால்தான் கடைகள் கேட்கின்றன. ‘அப்படியானால் நம்மூர்ச் செம்மறியில் எடுக்கலாமே’ என்று அடுத்த கடிதம் போட வேண்டாம். அது இறைச்சிக்கு வளர்ப்பது, அதன் மயிர் தொப்பிக்கு ஆகாது.

இனித் தரகரின் சான்றிதழ். ஆர்.டபிள்யூ.எஸ். (ரெஸ்பொன்சிபிள் வூல் ஸ்ரான்டர்ட்) என்று அவர் சொல்லியிருப்பார். ‘டெக்ஸ்ரைல் எக்ஸ்சேஞ்ச்’ என்ற அமைப்பு 2016இல் கொண்டுவந்த தர நியமம் அது. மியூல்சிங் கூடாது, ஆட்டுக்குத் தீனி, தண்ணீர், நிழல் ஒழுங்காக இருக்க வேண்டும், மேய்ச்சல் நிலத்தைப் பாழாக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல நியமம்தான். ஆனால் பண்ணை, கழுவும் ஆலை, நூற்கும் ஆலை, பின்னுகிறவர், கடைக்கு விற்கிறவர் என்று ஒவ்வொரு கையும் தனித்தனியே சான்று பெற்றிருந்தால்தான் கடைசிப் பொருளில் ஆர்.டபிள்யூ.எஸ். சின்னத்தைப் போடலாம். நடுவில் ஒரு கை விட்டுப்போனாலும் சங்கிலி அறுந்தது. சான்று பெற்ற நூலை நீங்கள் வாங்கிப் பின்னினாலும், உங்களுக்குச் சான்று இல்லையென்றால் தொப்பியில் சின்னம் போட முடியாது.

தரகர்கள் பிழைப்பது இந்த இடத்தில்தான். ஏதோ ஓர் ஆலையின் சான்றிதழைப் பிரதி எடுத்துக் காட்டுவார்கள். பொய்யே இல்லை, உண்மையான கடதாசி! ஆனால் அது ஆலையின் பெயரில் இருக்கும். அந்த ஆலைக்குச் சான்று பெற்ற நூல் செய்யும் தகுதி உண்டு என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. உங்கள் கைக்கு வந்த நூல் அதுதானா என்பதற்கு வேறு கடதாசி வேண்டும். விற்றவர், வாங்கியவர், எத்தனை கிலோ என்று ஒவ்வொரு சரக்குக்கும் சான்று நிறுவனம் கொடுக்கும் பரிவர்த்தனைச் சான்றிதழ் அது. அதைக் கேளுங்கள், அவரது பேச்சு மாறும். ஆலைச் சான்றிதழின் இலக்கத்தையும் வாங்கி மச்சாளுக்கு அனுப்புங்கள். டெக்ஸ்ரைல் எக்ஸ்சேஞ்சின் இணையத்தளத்தில் யாரும் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். பெயர், செய்யும் வேலை, காலாவதித் திகதி மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

வூல்மார்க் சின்னத்தைக் காட்டி மயக்குகிறவர்களும் உண்டு. 1964 முதல் இருக்கும் அந்தச் சின்னம் முழுக்கப் புதிய வூல், தரமானது என்று சொல்லும். ஆட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒயெகோ டெக்ஸ் என்ற சின்னமும் அப்படியே. அது துணியில் நச்சு இரசாயனம் இருக்கிறதா என்று சோதித்த சான்று.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தருவது, ‘வூலும் நானே தருகிறேன்’ என்ற பேச்சு. நூல் கடனுக்கு, தொப்பி அவருக்கே, கழிக்கும் காசும் அவர் சொன்னதே. வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரரிடம் பட்டதை இது இன்னொரு வடிவில் கொண்டுவரும்.

நைலோன் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்லித்தான் நல்ல நூலையும் வாங்கவிடாமல் செய்கிறார்கள். காலுறை நூலில் 75 வீதம் வூலும் 25 வீதம் நைலோனும் இருப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். தனி வூலில் பின்னினால் குதிகால் சீக்கிரம் தேய்ந்து ஓட்டையாகும். விரைவில் எறிய வேண்டிய காலுறையைச் சுற்றாடலுக்கு நல்லது என்று எப்படிச் சொல்வது? எனவே பெரியவர்களுக்குப் பின்னினால் கலப்பு நூலே சரி, லேபலில் வீதத்தை மறைக்காமல் போட்டால் போதும். ஆனால் நீங்கள் பின்னுவது நடக்காத பிள்ளைக்கு. தவழும் பிள்ளையின் குதிகால் தேயப் போவதில்லை, அதற்கு நைலோன் தேவையில்லை. நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு வேண்டுமானால் குதிகாலில் மட்டும் கலப்பு நூலைச் சேர்க்கலாம். அப்போதும் லேபலில் எழுத வேண்டும்.

அக்ரிலிக் என்ற செயற்கை நூல் வேறு கதை. நமது கடைகளில் ‘வூல்’ என்று கேட்டால் எடுத்துத் தரும் உருண்டை பெரும்பாலும் அதுதான். விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்துத் தண்ணீர்ச் சட்டிக்கு மேலே கொளுத்துங்கள். வூல் என்றால் தலைமயிர் கருகும் மணம் வரும், சாம்பல் பொடியாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுத்த மணியாக இறுகும். அதை வூல் என்று எழுதி விற்பது பிரித்தானியாவில் சட்டப்படி குற்றம், மாட்டிக்கொள்வது மச்சாள்.

அப்படியானால் வழி என்ன? கடை லண்டனில், மச்சாளும் அங்கே. அங்கேயே பிரித்தானிய ஆட்டு நூலை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அங்கே மியூல்சிங் வழக்கம் இல்லை. புளூஃபேஸ்ட் லெஸ்ரர் இன ஆட்டின் நூல் குழந்தைக்கும் மெதுவாக இருக்கும். ஆடு வளர்ந்த நாடு எது, நூற்ற நாடு எது என்று இரண்டையும் கேட்க வேண்டும். ‘பிரித்தானியாவில் நூற்றது’ என்றால் ஆடு வேறெங்கோ மேய்ந்திருக்கலாம். ‘சூப்பர்வொஷ்’ நூல் மெஷினில் போட்டாலும் சுருங்காது. ஆனால் அதற்குப் பொதுவாகக் குளோரினில் போட்டுப் பிளாஸ்டிக் பூச்சுப் பூசுவார்கள். ஆர்.டபிள்யூ.எஸ். இதைக் கேட்பதே இல்லை. சாதாரண நூல் என்றால் ‘கையால் கழுவவும்’ என்று போடுங்கள்.

இந்தச் சான்று ஏற்பாடே ஆலைகளுக்காகச் செய்தது. ஆண்டுதோறும் பரிசோதகரும் கட்டணமும் என்றால் எட்டுப் பேர் என்ன செய்வது? சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கம் எத்தனை தையல் பயிற்சி, எத்தனை பனர், எத்தனை குழுப்படம்! ஒரு லேபல் எழுதச் சொல்லிக்கொடுத்தவர்களைத்தான் காணவில்லை. ஆட்டைப் பற்றிக் கேட்ட கடையும், ஒரு தொப்பிக்கு உங்களுக்கு என்ன கூலி என்று கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஒரு கொப்பியில் யார் எதைப் பின்னினார், எத்தனை மணி நேரம், எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதி வாருங்கள். நூல் உருண்டையின் காகிதப் பட்டியையும் பற்றுச்சீட்டையும் எறியாமல் வையுங்கள். கடைக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: நூலின் பெயர், வீதம், ஆடு வளர்ந்த நாடு, சூப்பர்வொஷா இல்லையா, பின்னிய ஊர், ஒரு தொப்பிக்கான கூலி. ‘எங்களுக்குச் சான்றிதழ் இல்லை’ என்ற வரியையும் மறக்காமல் சேருங்கள். சிறு கடைகள் பலவற்றுக்கு இது போதும். சின்னம் இருந்தால்தான் எடுப்போம் என்று அந்தக் கடை நின்றால், மச்சாளை வேறு கடை பார்க்கச் சொல்லுங்கள்.