கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்? மழைக்கு முன் மூன்று கேள்விகள்

கேள்வி: தரைத்தள வீடு. அப்பாவுக்கு 71 வயது. நுரையீரல் நோய்க்காக ராத்திரி பகலாக காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் ஓடுகிறது; டாக்டர் சொன்ன அளவு நிமிஷத்துக்கு 2 லிட்டர். சர்க்கரையில் ஒரு காலை எடுத்துவிட்டதால் வீல்சேர்தான். மழைக்கு முன்னால் தயாராகிவிடலாம் என்று கடைக்குப் போனால், 900 விஏ இன்வெர்ட்டர், 150 ஏஎச் பேட்டரி, கூடவே ‘எமர்ஜென்சி கிட்’ என்று ஒரு பை, எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா?
(வாசகி, முடிச்சூர்)

பதில்: இன்வெர்ட்டரை வாங்குங்கள், பையை விட்டுவிடுங்கள். ஆனால் இன்வெர்ட்டர் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது உங்களுக்குத் தருவது சுமார் மூன்று மணி நேரம்.

கணக்கை நீங்களே போடலாம். மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை வாட் என்று இருக்கும். நிமிஷத்துக்கு 5 லிட்டர் வரை தரக்கூடிய மெஷின் பெரும்பாலும் 350 வாட் அளவில் இழுக்கும். பேட்டரியின் 12 வோல்ட்டை 150ஆல் பெருக்கினால் 1,800. பேட்டரியை அடிவரை உறிஞ்ச முடியாது, இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கும். கையில் நிற்பது 1,200க்குப் பக்கம். அதை 350ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி புதிதாக இருந்து, ஃபேன் எதுவும் ஓடாதபோதுதான் இந்தக் கணக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தாம்பரம், வேளச்சேரி பக்கம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த தெருக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் மெஷினையே மாட்டி, மெயினை அணைத்து, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் கரண்ட் அதிகம் இழுக்கும். சில இன்வெர்ட்டர்கள் அங்கேயே டிரிப் ஆகிவிடும். ‘ப்யூர் சைன் வேவ்’, அதாவது மெயின் கரண்ட் போலவே சீராகத் தரும் வகை என்பது வாயால் சொன்னால் போதாது, பில்லில் இருக்க வேண்டும். வாரண்டி கார்டில் தேதியும் கடை முத்திரையும் அன்றைக்கே விழ வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். பக்கவாதத்தில் படுத்திருந்த என் அம்மாவுக்குக் காற்று மெத்தை போட்டிருந்தோம். வீட்டில் புது இன்வெர்ட்டர். கரண்ட் போனதும் லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது, மெத்தையின் பம்ப் மட்டும் நின்றுவிட்டது. கடையிலிருந்து வந்து மாட்டியவர் இன்வெர்ட்டர் லைனை லைட்டுக்கும் ஃபேனுக்கும்தான் கொடுத்திருந்தார். கட்டிலுக்குப் பின்னால் இருந்த பிளக் பாயிண்ட்டுக்குக் கொடுக்கவே இல்லை. நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. மெத்தை தட்டையாகி, மறுநாள் காலையில் அம்மாவின் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் போட்டுத்தான் புண் ஆகாமல் தடுத்தோம். உங்கள் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளக்கில் இன்வெர்ட்டர் லைன் வருகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

சரி, மூன்று மணி நேரத்துக்குப் பிறகு? சிலிண்டர்தான். ‘பி டைப்’ சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிஷத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிஷம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். இரண்டு சிலிண்டர் இருந்தால் ஒரு முழு நாள். ஆள் உயரத்துக்கு வரும் ‘டி டைப்’ சுமார் 7,000 லிட்டர், இரண்டு நாளைக்கு மேல் தாங்கும். ஆனால் வெள்ளம் வந்தால் அதை யார் தூக்குவது? உங்கள் வீட்டுக்கு இரண்டு சின்னதுதான் சரி. விலைக்கு வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். டெபாசிட் எவ்வளவு திரும்பும், நிரப்பித் தருவது யார் பொறுப்பு, ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பார்களா, மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ரெகுலேட்டரும் வால்வு திறக்கும் சாவியும் சேர்ந்து வர வேண்டும். சாவி இல்லாத சிலிண்டர் வெறும் இரும்பு. அந்தச் சாவியைக் கயிறு கட்டி சிலிண்டர் கழுத்திலேயே மாட்டிவிடுங்கள். பூஜை விளக்கு, கற்பூரம், அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. எண்ணெய்க் கையால் ரெகுலேட்டரைத் தொடவே கூடாது. மூச்சு திணறுகிறதே என்று அளவை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

இத்தனையும் வாங்கி வைத்தாலும், உங்களுடையது முடிச்சூரில் தரைத்தளம். 2015இலும் 2023இலும் தண்ணீர் புகுந்த ஊர். ரெட் அலர்ட் என்று வானிலை மையம் அறிவித்தால் அன்று மாலைக்குள் மாடியில் குடியிருக்கும் உறவினர் வீட்டுக்கோ, சிகிச்சை பெறும் மருத்துவமனைக்கோ அப்பாவைக் கொண்டுபோய்விடுங்கள். தண்ணீர் வாசலுக்கு வந்தபின் வீல்சேர் நகராது. அப்படிச் சிக்கினால் தூக்க இரண்டு பேர் யார் என்பதை இப்போதே பேசி வையுங்கள். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து, இடுப்பில் துண்டால் கட்டி, இரண்டு படி ஏறிப் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஒரு முறை செய்து பார்த்த கைக்குத்தான் அன்றைக்குப் பதற்றம் இருக்காது.

கடைக்காரரின் பையில் விசில், டார்ச், போர்வை என்றுதான் இருக்கும். அப்பாவின் பையை நீங்களே கட்டுங்கள்: இரண்டு வார மாத்திரை, டாக்டர் சீட்டு, யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நகல், மாற்று மூக்கு டியூப் இரண்டு, காகிதத்தில் எழுதிய போன் நம்பர்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் பயன்படுத்திக்கொண்டிருக்கும் குப்பி ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் இருக்கட்டும். ஐஸ்கட்டிமேல் வைத்து உறையவிட்டால் மருந்து வீண்.

காசு செலவில்லாத ஒரு வேலையும் பாக்கி. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 8ஆம் பிரிவுப்படி, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியருக்கு ஒரு கடிதம் எழுதி ஒப்புகை வாங்குங்கள். அதன் நகலை உங்கள் ஏரியா ஈபி ஆபீசிலும் கொடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987.

கேள்வி: நானும் மனைவியும் காது கேளாதவர்கள். கஜா புயலன்று ஒலிபெருக்கியில் சொன்னது எங்களுக்குத் தெரியவே இல்லை. தலையணைக்கு அடியில் வைத்தால் அதிரும் அலாரம் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பன்னிரண்டே நாளில் நின்றுவிட்டது. விற்றவர் பணம் தர மறுக்கிறார்.
(வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: வாரண்டி இருக்கும்போது பழுதான பொருளைச் சரிசெய்யவோ மாற்றவோ மறுத்தால் அது சேவைக் குறைபாடு. பில், பொருளின் வீடியோ, விற்றவரோடு நடந்த சாட் மூன்றையும் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ நீங்கள் போன் செய்ய வேண்டியதில்லை. 88000 01915க்கு வாட்ஸ்அப்பில் எழுதலாம். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம்.

அடுத்து வாங்கும் அலாரத்தில் உள்ளேயே பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கில் மட்டும் ஓடுவது புயல் ராத்திரியில் உதவாது. செல்போனில் அரசின் அவசர எச்சரிக்கைகள் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தச் செய்தி வரும்போது போன் அதிரும். இதற்கெல்லாம் மேலே, வீட்டுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் நம்பகமானவரிடம் கொடுத்து வையுங்கள். கதவைத் தட்டினால் உங்களுக்குக் கேட்காது, அவர் உள்ளே வந்து தொட்டு எழுப்ப வேண்டும்.

கேள்வி: எனக்குப் பார்வை கிடையாது, போன்தான் கண். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கினேன். 5,000 எம்ஏஎச் போனுக்கு நான்கு முறை ஏறும் என்றார்கள், இரண்டரை முறைகூட ஏறவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் அளவு. அதன் 3.7 வோல்ட்டை 5 வோல்ட் ஆக்கித் தரும்போது குறையும், சூட்டிலும் கொஞ்சம் போகும். உண்மையில் கிடைக்கும் அளவை ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். யாரையாவது படிக்கச் சொல்லி, அதற்கும் கீழே போகிறது என்றால் புகார் கொடுங்கள். பெரியது ஒன்றைவிட 10,000 எம்ஏஎச்சில் இரண்டு வைத்துக்கொள்வது உங்களுக்கு வசதி. சார்ஜ் ஏறியதில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிடுங்கள், தீர்ந்ததும் கழற்றிவிடுங்கள். கூடவே மாற்று வெள்ளைக்கோல் ஒன்று கதவுப் பக்கத்து ஆணியில் தொங்கட்டும்.