தொடக்கத்திலேயே ராணியால் தாக்கும் எதிராளிகள் – கறுப்புக் காய்களுக்கான பதில்

சதுரங்கத்தில் கறுப்புக் காய்களுடன் ஆடும்போது, இரண்டாம் நகர்விலேயே ராணியை இறக்குபவர்களிடம் தொடர்ந்து தோற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களது குறி பெரும்பாலும் எஃப்7 கட்டம்தான் (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்). தொடக்கத்தில் அதை ராஜா மட்டுமே காக்கிறார்.

இருவரும் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தியபின் வெள்ளை ராணி எச்5-க்கு வந்தால், முதலில் குதிரையை சி6-இல் வைத்து இ5 சிப்பாயைக் காத்துக்கொள்ளுங்கள். அடுத்து வெள்ளை பிஷப் சி4-க்கு வந்ததும் பலர் அவசரப்பட்டு மற்றொரு குதிரையை எஃப்6-க்கு எடுத்து, அடுத்த நகர்விலேயே மேட் (ராஜா தப்ப வழியின்றித் தோற்பது) ஆகிவிடுகிறார்கள். ஜி6-க்குச் சிப்பாயைத் தள்ளி ராணியை விரட்டிய பிறகு, அது எஃப்3-க்குப் பின்வாங்கி மீண்டும் மிரட்டும்போதுதான் அந்தக் குதிரை வெளிவர வேண்டும். பிறகு பிஷப்பை ஜி7-இல் வைத்துக் கோட்டை கட்டிவிடலாம் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது). ராணி எஃப்3-இலேயே நின்று, டி4 கட்டமும் காவலின்றி இருந்தால், சி6 குதிரையை அங்கே தாவவிடுங்கள். ராணியும் சி2 சிப்பாயும் ஒருசேரத் தாக்கப்படும்.