தாத்தாவின் மடக்குச் சவரக்கத்தி ஹாலோவா, வெட்ஜா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கிருஷ்ணகிரியில் சலூன் வைத்திருக்கிறேன், மூன்றாவது தலைமுறை. கடையில் இப்போது பாதி பிளேடைச் செருகுகிற கத்திதான் ஓடுகிறது. ஆனால் தாத்தாவின் அடைப்பத்தில் (சவரச் சாமான் பையில்) இருந்த ஐந்து பழைய கத்திகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பழகியதைத்தான் சொல்கிறேன். பக்கங்கள் குழிந்திருப்பது ஹாலோ, குழியாமல் ஆப்பு போலச் சரிவது வெட்ஜ்.

முத்திரையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். 'ஷெஃபீல்டு' என்றால் வெட்ஜ், 'ஸோலிங்கன்' என்றால் ஹாலோ என்று பலர் அடித்துச் சொல்வார்கள். இங்கிலாந்தின் பழைய ஷெஃபீல்டு கத்திகள் கனமானவை, மெல்லிய ஹாலோவுக்குப் பேர் வாங்கியது ஜெர்மனியின் ஸோலிங்கன், அதெல்லாம் சரிதான். பிற்பாடு ஷெஃபீல்டிலும் ஹாலோ செய்தார்களே!

கத்தியை விரித்து, வாய் (வெட்டுகிற ஓரம்) கீழே இருக்க, மூக்கு நுனி உங்கள் கண்ணுக்கு நேராக வரும்படி பிடியுங்கள். முதுகிலிருந்து வாய் வரை விறகு பிளக்கிற ஆப்பு மாதிரி நேராகச் சரிந்தால் வெட்ஜ். இரு பக்கமும் லேசாகக் குழிந்திருந்தால் குவார்ட்டர் ஹாலோ, இன்னும் குழிந்தால் ஹாஃப். முதுகுக்குக் கீழேயே சட்டென்று சிறுத்து, அதற்கப்புறம் காகிதம் போலப் போனால் ஃபுல் ஹாலோ. அசல் வெட்ஜ் அபூர்வம். வெட்ஜ் என்று விற்கிற பலவற்றில் மெல்லிய குழிவு இருக்கும். ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே மெதுவாகச் சாய்த்து வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் இடைவெளி தெரிந்துவிடும்.

ட்யூப்லைட்டுக்குக் கீழே கத்தியை மெல்லத் திருப்பியும் பாருங்கள். சில ஃபுல் ஹாலோ கத்திகளில் நீளவாக்கில் ஒரு மெல்லிய மேடு ஓடும். வெளிச்சக் கோடு அந்த இடத்தில் இரண்டாகப் பிரியும்.

சத்தமும் இருக்கிறது. தாத்தா கத்தியின் பக்கவாட்டில் நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார். ஃபுல் ஹாலோ 'ணிங்' என்று இழுக்கும், வெட்ஜ் 'டக்' என்று அடங்கிவிடும். "இது கன்னத்துக்கு, அது தலைக்குடா" என்பார். தீர்த்தமலையில் முடி இறக்கப் போகும்போது கனமான கத்தியைத்தான் எடுத்துப் போவார்.

என்னைக் குழப்பியது வேறொரு கத்தி. 'ஃபுல் ஹாலோ கிரவுண்ட்' என்று பொறித்திருந்தது, பார்வைக்கோ ஹாஃப் கூட இல்லை. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற மச்சான் வெர்னியர் கொண்டுவந்து அளந்தான். அகலம் 13.5 மி.மீ., முதுகு 5 மி.மீ. பொதுவாக அகலம் முதுகைப் போல மூன்றரை மடங்கு இருக்க வேண்டும். அப்படியானால் இது 11/16 அங்குலம், அதாவது சுமார் 17.5 மி.மீ. அளவில் வந்திருக்கலாம். பல வருஷம் கல்லில் தேய்ந்து, மெல்லிய பகுதியே காணாமல் போய்விட்டது. முதுகின் இருபுறமும் அகலமாகப் பளபளத்த பட்டை அதற்குச் சாட்சி. கத்தி பிறந்தபோது இருந்த கிரைண்ட் (பக்கங்களின் வடிவம்) வேறு, இப்போது இருப்பது வேறு. உங்கள் கத்தியையும் அளந்த பிறகே பேர் வையுங்கள்.

தயவுசெய்து தெருவில் வருகிற சாணைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வயசு வேகத்தில் ஒன்றைக் கொடுத்தேன். தண்ணீர் தொடாமல் சக்கரத்தில் அழுத்தினார், வாயோரம் நீலம் பூத்துவிட்டது. எஃகு 300 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாகும்போது வருகிற நிறம் அது. பதம் போனது போனதுதான். அந்தக் கத்தியை இப்போது கடையில் துணி நூல் அறுக்க வைத்திருக்கிறேன்.