கால் தரையில் பதியட்டும்: விடுதி மாணவர்கள் கேள்வி-பதில்

செமஸ்டர் நெருங்கிவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விடுதி அறைகளிலிருந்துதான்.

பெருந்துறை, பொறியியல் மாணவர்: கட்டிலில் சாய்ந்து மடியில் லேப்டாப் வைத்துப் படிக்கிறேன். பின்கழுத்து பிடித்துக்கொள்கிறது. என்ன தைலம் தடவலாம்?

தைலம் இருக்கட்டும் தம்பி, முதலில் கட்டிலை விட்டு இறங்குங்கள். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் எலும்பு தாங்கும். நன்றாகக் குனிந்தால் கழுத்தில் விழும் சுமை 25 கிலோவைத் தாண்டும். மேஜைமேல் நாலு தடிப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வையுங்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும். தட்டச்சுக்குத் தனி கீபோர்டு, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

திருச்செங்கோடு: முதுகு வலி. தீர்வு சொல்லவும்.

மேல்முதுகா, இடுப்பா? எத்தனை நாளாக? காலுக்கு இறங்குகிறதா? இதில் ஒன்றுகூட எழுதாமல் தீர்வு கேட்டால் எதைச் சொல்வது? வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, கால் மரத்தாலோ எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கோவை, முதுகலை மாணவி: என் உயரம் 4 அடி 11 அங்குலம். விடுதி நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கால் வீங்குகிறது, தோளும் வலிக்கிறது. நான் உட்காரும் விதம் தவறா?

உங்கள்மேல் தவறே இல்லை கண்ணு. விடுதிக்கு வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே அளவில் மொத்தமாக வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். நாற்காலி 18 அங்குலம், மேஜை 30 அங்குலம். உங்கள் முழங்கால் மடிப்பு தரையிலிருந்து 15 அங்குலம்தான் இருக்கும். கால் தொங்கும்போது நாற்காலி விளிம்பு தொடையின் அடியை அழுத்துகிறது. ரத்தம் மேலே திரும்புவது சிரமமாகி கால் வீங்குகிறது. அதைத் தவிர்க்க முன்னால் நகர்ந்து உட்காருவீர்கள், முதுகுக்குச் சாய்மானம் போய்விடும். மேஜையும் உயரமாக இருப்பதால் தோள் தானாகத் தூக்கிக்கொள்ளும்.

ஒரு மகளிர் விடுதிக்குப் போயிருந்தேன். ஓர் அறையில் நாலு பிள்ளைகள், நாலு பேரும் நாற்காலிமேல் சம்மணம் போட்டிருந்தார்கள். “ஒழுங்கா உட்காரத் தெரியலை பாருங்க” என்றார் வார்டன். கால் அந்தரத்தில் தொங்கினால் பிள்ளைகள் வேறு என்ன செய்வார்கள்? அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. நுழைவாயிலில் பெரிய வளைவு கட்ட முடிகிற நிர்வாகத்தால் அறைக்கு நாலு மரப்பலகை போட முடியாதா?

அவர்கள் போடும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு சென்னிமலைப் போர்வையை மடித்து இருக்கையில் போடுங்கள், 2 அங்குலம் உயரும். கை மேஜைக்கு எட்டும், தோள் இறங்கும். காலுக்கு இரண்டு செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக, இப்படி இரண்டு அடுக்கு. பழைய சாக்கைச் சுற்றினால் சொரசொரப்பு இருக்காது. துண்டைச் சுருட்டி இடுப்பு வளைவில் வையுங்கள். தரையோ செங்கலோ, பாதம் முழுதாகப் பதிய வேண்டும்.

சேலம்: படிக்கும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன.

முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றிக் கன்னத்தில் கைவைத்துப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முழங்கையின் உள்பக்கம் ஓடும் நரம்பு அழுந்துகிறது. ஊன்றுவதை விடுங்கள், கையை மடக்கி வைத்துத் தூங்குவதையும் விடுங்கள். இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டாலோ, பிடி தளர்ந்தாலோ நரம்பு மருத்துவரிடம் போங்கள்.

நாமக்கல்: டியூப்லைட் முதுகுப்பக்கம் இருக்கிறது, நோட்டில் என் நிழலே விழுகிறது.

மேஜை விளக்கு வாங்கி இடப்பக்கம் வையுங்கள். இடக்கைப் பழக்கம் என்றால் வலப்பக்கம்.

பொள்ளாச்சி: தரையில் உட்கார்ந்து படிப்பது கெடுதலா?

கெடுதல் இல்லை. ஆனால் புத்தகமும் தரையில் கிடக்கக் கூடாது. அந்தக் காலக் கணக்குப்பிள்ளையின் சாய்வு மேஜையைப் பார்த்திருப்பீர்கள், அதுபோல ஒன்று போதும். ஜமக்காளத்தை மடித்துப் போட்டு, சுவரில் முதுகு படும்படி உட்காருங்கள். கால் மரக்கும்வரை ஒரே சம்மணத்தில் இருக்காதீர்கள். இங்கேயும் அரை மணிக் கணக்குதான்.

திருப்பூர், ஒரு தந்தை: விடுதியில் இருக்கும் மகனுக்கு 12,000 ரூபாயில் கேமிங் சேர் வாங்கித் தரலாமா?

வேண்டாமுங்க. மேஜை உயரம், பையன் உயரம், அறையில் இருக்கும் இடம் எதையும் அளக்காமல் நாற்காலிக்கு விலை பேசுகிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகும்போது ஒரு இஞ்ச் டேப் எடுத்துப் போங்கள். அளவை எழுதி அனுப்பினால் மேற்கொண்டு சொல்கிறேன்.