70 டொலர் மிருகமும் 2021இல் வாங்கிய மடிக்கணினியும்

கேள்வி: என் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். ‘மொன்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்’ என்ற கணினி விளையாட்டை வாங்கித் தரச் சொல்லி ஒரு மாதமாகக் கேட்கிறான். 70 டொலராம். ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி காசு தருவதாகச் சொல்லிவிட்டார். எங்கள் மடிக்கணினி 2021இல் வாங்கியது. அதில் 8 ஜிபி நினைவகமும் 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டும் இருப்பதாக மகன் எழுதித் தந்தான். ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு கொடுப்பது தகுமா? பூதங்களை வெட்டிக் கொல்லுகிற விளையாட்டு என்கிறார்கள், அதுவும் மனதுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.
– கொக்குவில் வாசகி

பதில்: இந்தக் கணினிக்கு வைல்ட்ஸ் வாங்க வேண்டாம், அம்மா. விளையாட்டு கூடாது என்பதால் அல்ல; உங்கள் கணினி அதைச் சுமக்காது என்பதால்.

அதைத் தயாரித்த ஜப்பானின் கப்கொம் நிறுவனம் கேட்கும் குறைந்தபட்சத் தகுதி 16 ஜிபி நினைவகம், 6 ஜிபி கொண்ட ஜிடிஎக்ஸ் 1660 கிராபிக்ஸ் கார்ட், எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தில் 75 ஜிபி இடம். உங்களிடம் இருப்பது நினைவகத்தில் பாதி, கார்டில் ஒரு படி கீழே. அந்தக் குறைந்தபட்சம்கூடத் தாராளமானதல்ல. எல்லா அமைப்புகளையும் அடிமட்டத்தில் வைத்து, 720 வரிகளில் வரைந்த படத்தை 1080க்கு இழுத்துப் பெரிதாக்கினால் விநாடிக்கு 30 படம் கிடைக்கும் என்று கொம்பனியே எழுதியிருக்கிறது. நினைவகத்தைக் கடையில் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். மடிக்கணினியின் கிராபிக்ஸ் சில்லு பலகையோடு ஒட்டியது, மாற்ற முடியாது. கடைசியில் “புதுக் கணினி வாங்கினால்தான் சரி” என்ற இடத்தில் வந்து நிற்பீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். உங்கள் தம்பி சுண்டைக்காய்க்கு மட்டும்தான் சம்மதித்திருக்கிறார்.

நல்ல கணினி வைத்திருந்தவர்களே இதில் பட்டார்கள். வைல்ட்ஸ் 2025 பெப்ரவரி 28 அன்று வெளிவந்து ஒரு மாதத்துக்குள் ஒரு கோடிப் பிரதிகள் விற்றது. ஆனால் கணினிப் பதிப்பு படம் தடுமாறி, இடையில் நின்று நின்று ஓடியது. விலை உயர்ந்த கார்ட் வைத்திருந்தவர்களும் புலம்பினார்கள். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியவர்களின் மதிப்பீடு சில மாதங்களிலேயே அடிமட்டத்துக்குப் போனது. பிறகு பல தடவை திருத்தங்கள் வந்தன. இருந்தாலும் 2021ஆம் ஆண்டு மடிக்கணினிக்கு எந்தத் திருத்தமும் புதுக் கார்ட் பொருத்தித் தராது. மகன் நம்பாவிட்டால், வைல்ட்ஸுக்கென்றே கப்கொம் ஸ்டீமில் இலவசமாக விட்டிருக்கும் சோதனை மென்பொருளை இறக்கி ஓடவிடச் சொல்லுங்கள். விளையாட்டின் காட்சிகளையே ஓட்டிக் காட்டி முடிவில் புள்ளி போடும். பெரிய கோப்பு என்பதால் இரவு டேட்டாவில் இறக்குவது நல்லது. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். படம் தந்தியடிப்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டால் அவனோடு வாதாட வேண்டியிருக்காது.

இனி உங்கள் இரண்டாவது கவலை. இதில் பேய், பிசாசு, பூதம் எதுவும் இல்லை. டைனோசரையும் பறவையையும் பாம்பையும் கலந்து செய்த மாதிரியான பெரிய விலங்குகள்தான். அவற்றை வேட்டையாடி, கிடைக்கும் செதில், எலும்பு, நகத்தால் ஆயுதமும் கவசமும் செய்து, அவற்றை அணிந்துகொண்டு இன்னும் பெரியதொன்றை வேட்டையாடப் போவது. 2004இல் தொடங்கிய தொடர் இன்றுவரை இந்த ஒரே சுற்றில்தான் ஓடுகிறது. கேட்கச் சலிப்பாக இருக்கும். எனக்கும் இருந்தது, திருநெல்வேலியில் என் தங்கை மகன் விளையாடுவதைப் பார்க்கும் வரையில்.

அவன் விளையாடியது தொடரின் முந்தைய பாகமான ‘மொன்ஸ்டர் ஹன்டர் வேர்ல்ட்’. அதில் அஞ்சநாத் என்று ஒரு மிருகம் வரும். உருவம் டைனோசர், வாயில் நெருப்பு. புதிதாக விளையாடுகிற எல்லோரும் மூக்குடைபடுகிற இடம் அது. மூன்று தடவை மயங்கி விழுந்தால் வேட்டை தோல்வி. ஒவ்வொரு தடவையும் விளையாட்டில் உதவிக்கு வரும் பூனைகள் அவனைத் தள்ளுவண்டியில் போட்டு ஓடிவந்து கூடாரத்து வாசலில் கொட்டிவிட்டுப் போகும். முதல் நாள் ஆறேழு முறை தோற்று, கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டிலில் எறிந்துவிட்டுப் போனான். மறுநாள் காலையில் பார்த்தால் மேசையில் ஒரு கொப்பி. மிருகம் நெருப்பைக் கக்கும் முன் மூக்கின் மேல்தோல் விரிந்து தொண்டை சிவக்கிறது என்று குறித்து வைத்திருந்தான். அதற்குத் தண்ணீர் ஆகாது என்று கண்டுபிடித்து, சேற்றில் வாழும் வேறொரு மிருகத்தின் செதிலால் நீர்த்தன்மையுள்ள வாள் ஒன்று செய்துகொண்டான். கூடாரத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்கினான். நடுச்சண்டையில் வாள் மழுங்கி, தோலில் பட்டுத் தெறித்தது. பாறைக்குப் பின்னால் ஒளிந்து குந்தியிருந்து சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தான். கூரின் நிறம் மஞ்சளிலிருந்து பச்சைக்குத் திரும்பும் வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதை இந்த வயதில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று அவன் வென்றான். வென்ற மிருகத்தை அதன்பிறகு பத்துத் தடவை திரும்பத் திரும்ப வேட்டையாடினான். கவசத்துக்குத் தேவையான ஒரு பொருள் அபூர்வமாகத்தான் விழும். இந்தப் பத்துத் தடவையைத்தான் வாங்குமுன் யோசிக்க வேண்டும். ஒரே வேலையைத் திரும்பச் செய்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கெட்டிக்காரனாவதில் மகனுக்கு இன்பம் இருந்தால், இந்தத் தொடர் கொடுத்த காசுக்கு மேல் திருப்பித் தரும். முந்நூறு, நானூறு மணித்தியாலம் விளையாடுகிறவர்கள் சாதாரணமாக இருக்கிறார்கள். கதைக்காக விளையாடுகிறவன் என்றால் முதல் வாரத்திலேயே கைவிடுவான். கதை மெல்லியது. ஆங்கிலத்தில் படிக்க வேண்டிய பட்டியல்களும் விளக்கங்களும் ஏராளம், தமிழில் எதுவும் இல்லை.

ஆகவே என் யோசனை வேர்ல்ட். 2018இல் வந்தது, கேட்பது 8 ஜிபி நினைவகமும் உங்களிடம் இருப்பதைவிடப் பழைய கார்டும். முழு விலையே 30 டொலர்தான். ஸ்டீமின் கோடைகால, மார்கழிக் கழிவு நாட்களில் பாதிக்கும் கீழே பல முறை இறங்கியிருக்கிறது. ‘ஐஸ்போர்ன்’ என்ற விரிவாக்கத்தைக் கூடவே வாங்கச் சொல்லி அங்கேயே ஆசை காட்டுவார்கள். முதல் கதையை முடிக்காமல் அது வேண்டாம். இதே தொடரில் 2022இல் கணினிக்கு வந்த ‘ரைஸ்’ இன்னும் இலேசானது, பழைய கணினியிலும் சுகமாக ஓடும், வேகமும் கூட. ஆனால் ஒரு காட்டுக்குள் நுழைந்து கால்தடம் பார்த்து மிருகத்தைத் தேடிப்போகும் சுவை வேர்ல்டில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. வைல்ட்ஸ் எங்கும் ஓடிவிடாது. மகன் வேலைக்குப் போய்க் கணினி வாங்கும் நாளில் அதன் விலையும் பாதியாகியிருக்கும்.

பணம் கட்டும் முன் சில விஷயங்கள். ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திரும்பப் பெறலாம். அந்த 2 மணித்தியாலம் மிருகத்தோடு மோதிய நேரம் அல்ல, விளையாட்டு திறந்திருந்த நேரம். முதல் தடவை திறக்கும்போது நிழல், ஒளிக் கோப்புகளைத் தயார்செய்ய எடுக்கும் நேரமும் அதில் சேரும். பிள்ளைகள் தங்கள் வேட்டைக்காரனுக்கு மூக்கும் புருவமும் செதுக்குவதிலேயே ஒரு மணித்தியாலத்தைக் கரைத்துவிடுவார்கள். முகத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் காட்டுக்குள் போய் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி ரொறன்ரோவிலிருந்து ஸ்டீமிலேயே பரிசாக அனுப்பலாம். இரு நாட்டு விலைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஸ்டீம் சில வேளை தடுக்கும், ஆனால் காசு எடுக்கும் முன்பே சொல்லிவிடும். பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் கோரிக்கையை மகன்தான் போட வேண்டும், காசு தம்பியிடமே திரும்பிப் போகும். உங்கள் வங்கி அட்டையைத்தான் பயன்படுத்துவதென்றால் அதன் இலக்கத்தைக் கணக்கில் சேமித்து வைக்க வேண்டாம். உள்ளே உடுப்பு, தலைமயிர் அலங்காரம் என்று தனித்தனியாக விற்பார்கள். அவை இல்லாமலே முழு விளையாட்டையும் முடிக்கலாம்.

இன்னொன்று, இது நம் ஊருக்கே உரியது. வேட்டையின் நடுவில் மின்சாரம் போய்க் கணினி அணைந்தால் அந்த வேட்டை போனதுதான். முடித்துத் திரும்பிய பிறகே விளையாட்டு தன்னைச் சேமிக்கும், ஒரு வேட்டைக்குக் கெடு 50 நிமிடம். மடிக்கணினிக்கு மின்கலம் தாங்கும், ரவுட்டருக்கு யார் தாங்குவது? நாலு பேர் சேர்ந்து வேட்டையாடும்போது இடையில் நிறுத்தி வைக்கவும் முடியாது. ஆகவே சோற்றுக்குக் கூப்பிட்டால் “இதோ” என்று அரை மணித்தியாலம் கழித்து வருவான். அது திமிர் அல்ல, கூட்டாளிகளை மிருகத்தின் வாயில் விட்டுவிட்டு வர முடியாத நிலைமை. நேரத்தை வேட்டைக் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள். “எட்டு மணிக்கு நிறுத்து” என்பதைவிட “இன்னும் ஒரு வேட்டைதான்” என்பது இருவருக்கும் வசதி.

கேள்வி: முகநூலில் ஒருவர் வைல்ட்ஸ் உள்ள ஸ்டீம் கணக்கை 2,500 ரூபாவுக்குத் தருவதாகச் சொல்கிறார். கடவுச்சொல்லையும் தருவாராம். வாங்கலாமா?
– சுன்னாகம் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. அது விளையாட்டை விற்பதல்ல, தன் வீட்டுத் திறப்பை வாடகைக்கு விடுவது. அதே திறப்பை இன்னும் பத்துப் பேருக்கும் கொடுத்திருப்பார். கணக்கை விற்பதை ஸ்டீமின் ஒப்பந்தமே தடுக்கிறது. முதலில் திறந்தவர், பணம் கட்டிய ஆதாரத்தைக் காட்டி எந்த நேரமும் அதை மீட்டுக்கொள்ளலாம். மீட்ட பிறகு உங்கள் பத்து நாள் வேட்டையும் அவரோடு போய்விடும். முறையிட இடமும் இல்லை. கடையில் வாங்கியிருந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும். சரியில்லை என்றால் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்யலாம், 1977 என்ற இலக்கத்துக்குப் பேசலாம். உட்பெட்டியில் பேசி முடித்த வியாபாரத்துக்கு எந்தப் பற்றுச்சீட்டைக் கொண்டுபோவீர்கள்?

ஒரே வீட்டில் அண்ணன், தம்பி இருந்தால் நேர்மையான வழி ஒன்று உண்டு. ஸ்டீம் குடும்பக் கணக்கில் ஆறு பேர் வரை சேர்ந்து, ஒருவர் வாங்கியதை மற்றவரும் விளையாடலாம். ஒரு பிரதியை ஒரே நேரத்தில் இருவர் திறக்க முடியாது, அவ்வளவுதான்.

கேள்வி: என்னிடம் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. வைல்ட்ஸ் தட்டைப் பழையதாக வாங்குவதா, இணையக் கடையில் புதிதாக வாங்குவதா?
– பருத்தித்துறை வாசகர்

பதில்: உங்கள் பெட்டியில் தட்டுப் போடும் வாய் இருந்தால் தட்டுத்தான். கணினிக்காரர் பட்ட பாடு உங்களுக்கு இல்லை. படத்தெளிவா வேகமா என்று அமைப்பில் கேட்கும், வேகத்தைத் தெரிவுசெய்யுங்கள். முடித்த பிறகு தட்டை இன்னொருவருக்கு விற்கலாம். இணையக் கடையில் வாங்கியதை விற்கவும் முடியாது, இறக்கத் தொடங்கிவிட்டால் திருப்பிக் கொடுப்பதும் பெரும்பாலும் நடக்காது. கனடாவிலோ இலண்டனிலோ வாங்கிய தட்டும் இங்கே ஓடும். பழையது என்றால் கடையிலேயே பெட்டியில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பாருங்கள். தட்டு இருந்தாலும் திருத்தங்களை இறக்கியே ஆக வேண்டும் என்பதால் டேட்டாவைக் கணக்கில் வையுங்கள். மற்றவர்களோடு சேர்ந்து வேட்டையாட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா தனியாக வேண்டும், கணினியில் அந்தச் செலவு இல்லை. தனியாகவே போகிறவர் என்றால் சந்தா வேண்டாம், கூட வரும் பூனையே போதுமான துணை.

கேள்வி: கைத்தொலைபேசியில் இதை விளையாட முடியாதா?
– நல்லூர் வாசகி

பதில்: ‘மொன்ஸ்டர் ஹன்டர் நவ்’ என்று 2023இல் வந்த ஒன்று இருக்கிறது. இறக்குவது இலவசம், உள்ளே பொருள் விற்பார்கள். ஒரு வேட்டை 75 விநாடிதான். வெளியே இறங்கி நடந்தால்தான் மிருகங்கள் வரும். பண்ணைப் பக்கம் மாலையில் நடக்கிறவர் என்றால் போட்டுப் பாருங்கள், ஆனால் ஆஸ்பத்திரி வீதியைக் கடக்கும்போது தொலைபேசி பைக்குள் இருக்கட்டும்.